எல்லைக்கல்லருகே ஒரு ஜோடிச் செருப்பு

எங்கள் வீட்டு ஆண்கள் செருப்பு போடுவதில்லை. இன்ஸ்பெக்டர் ஐயா என் காலைப் பார்த்ததால் சொல்கிறேன். சாமிச் சோலைக்குப் பூசை செய்யும் குடும்பம். ஏழு தலைமுறையாக மாசித் திருவிழாவில் முதல் பரிவட்டம் எங்களுக்குத்தான்.

சோலை சிறியதுதான், ஆனால் அடர்ந்தது; திருவிழா இல்லாத நாளில் என்னைத் தவிர யாரும் உள்ளே வருவது அரிது. சுற்றியுள்ள மூன்று ஊர்க்காரர்களும் எல்லைக்கல்லருகே செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போவார்கள். பொழுது சாய்ந்த பிறகும் அங்கே செருப்பு கிடந்தால், ஆள் திரும்பவில்லை என்று மூன்று ஊரும் தேடக் கிளம்பும். அதைப் பார்த்துச் சொல்வது என் பொறுப்பு.

என் மகன் அகிலன் சோலையில் இரண்டு மரங்களை வெட்டி விற்றுவிட்டான். பக்கத்து ஊர் முருகானந்தம் அதைக் கண்டுபிடித்தார். "பரிவட்டம் கட்டுறதுக்கு முன்னால சபையில கேப்பேன், பெரியவரே" என்றார். மரியாதையாகத்தான் சொன்னார்.

மறுநாள் காலையில் வெட்டிய இடத்தைப் படம் எடுக்கப் போனவர், பழைய யானைக்குழியில் விழுந்து காலை முறித்துக்கொண்டார். நான் தள்ளவில்லை. பூசைக்குப் போனபோது குரல் கேட்டது. செல்போன் சிக்னல் எட்டாத இடம்.

"பெரியவரே, வெரசா ஆளக் கூட்டியாங்க."

சரி என்றேன். அவர் செருப்பைத் துண்டில் சுற்றி எடுத்துப்போய், கன்னிவாடி பஸ் நிற்கும் நிழற்குடையில் வைத்தேன். ஊரைவிட்டுப் போய்விட்டார் என்று நினைக்கட்டும் என்றுதான்.

அன்று மாலை அவர் மனைவி ஜோதிமணி வந்தாள். "மாமா, கல்லுகிட்ட அவரு செருப்பு கெடக்குதுங்களா?"

"இல்ல தாயி."

அது உண்மைதானே. யாரும் தேடவில்லை.

பூசையை நான் நிறுத்தவில்லை. அடுத்த நாள் விளக்கேற்றும்போது, "ஏலே நல்லுசாமி, நீயெல்லாம் ஒரு பூசாரியா?" என்று குழிக்குள்ளிருந்து திட்டினார். அதற்கடுத்த நாள் தண்ணீர் மட்டும் கேட்டார். மூன்றாம் நாள் பூசை அமைதியாக நடந்தது.

நான்காம் நாள் ஜோதிமணி அந்தச் செருப்பைக் கையில் பிடித்தபடி வந்து நின்றாள். என் முகத்தைப் பார்க்கவில்லை, காலைப் பார்த்தாள்.

"செருப்பக் கழட்டி வச்சுட்டு எவன் மாமா பஸ் ஏறுவான்? செருப்பே போட்டுப் பழகாதவனுக்குத்தான் இந்தப் புத்தி வரும்."

எனக்கு அது தோன்றவே இல்லை.

அவர் சாவார் என்று தெரிந்தேதான் செருப்பை எடுத்தேன். அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். கூடவே இதையும் எழுதுங்கள்: அந்தச் செருப்பை நான் எல்லைக்கல்லைத் தாண்டி உள்ளே கொண்டுபோகவில்லை. எங்கள் குடும்பத்தால் சோலைக்கு ஒரு தீட்டும் வந்ததில்லை.