வெள்ளச்சி நின்ற பக்கம்

கிளாஸை விளிம்பு வரை ஊற்றிவிட்டார் உங்கள் போலீஸ்காரர். அதனால்தான் டீ சிந்துகிறது. மேசையைப் பற்றிக் கவலைப்படாதீர்கள் ஐயா, என் துண்டாலேயே துடைத்துவிடுகிறேன்.

சாரட்டு எப்படிக் கவிழ்ந்தது என்று கேட்டீர்கள். ஜீப்பில் போகிறவருக்கு அதை ஒரே பேச்சில் சொல்லி விளங்க வைக்க முடியாது. ஒற்றைக் குதிரை ஜட்காவை யார் வேண்டுமானாலும் ஓட்டலாம். காதைப் பார்த்தாலே அதன் நினைப்பு தெரிந்துவிடும். இரட்டைக் குதிரையில் ஒன்று உழைக்கும், ஒன்று ஏய்க்கும். ஏய்ப்பது எது என்று கண்டுபிடித்தால் பாதி வேலை முடிந்தது. நான்கு குதிரை வேறு சங்கதி. முன்ஜோடிக்கும் நமக்கும் நடுவே இரண்டு முதுகுகள் இருக்கும். வளைவில் முன்ஜோடி திரும்பிய பிறகும் பின்ஜோடி நேராகக் கொஞ்ச தூரம் போயாக வேண்டும். முன்ஜோடி மிரண்டால் அதன் கடிவாள வாரைத் தளர்த்திவிட்டுப் பின்ஜோடியை மட்டும் இறுக்க வேண்டும். பாகூர்ப் பக்கம் அது தெரிந்தவன் நான் ஒருவன்தான். இருபத்திரண்டு வருடத்தில் ஒரு குதிரையையும் சாட்டையால் தொட்டதில்லை. அதை எழுதிக்கொண்டீர்களா?

என் முதலாளி சிங்காரவேலுவின் மகள் கஸ்தூரிக்குக் கல்யாணம் நிச்சயமானது. ஒரு மாதத்துக்கு முன்பே என்னைக் கூப்பிட்டார்.

"உனக்குக் கை நடுங்குதுபா யாகப்பா. மரியசுந்தரம் ஓட்டட்டும். நீ பூட்டிக் குடு, போதும்."

மரியசுந்தரம் என் மனைவியின் தம்பி, கரும்பு வண்டி ஓட்டுகிறவன். அவன் எதிரிலேயே சொன்னார். எனக்கு வயிறு எரிந்தது. அதை மறைக்கப் போவதில்லை. இருந்தாலும் பத்து நாள் நானே அவனுக்குக் கற்றுக்கொடுத்தேன். கெட்டிக்காரன், சீக்கிரம் பிடித்துக்கொண்டான். ஒரே ஒரு மாட்டுப் பழக்கம் மட்டும் போகவில்லை. பதறினால் எல்லா வாரையும் சேர்த்து மார்போடு இழுப்பான். மாடு நின்றுவிடும். குதிரை பின்னங்காலில் எழும்பும்.

"இப்ப சரியா கீதா மாமா?" என்று கேட்டான்.

"சரியா கீதுடா" என்றேன்.

முன்ஜோடி வெள்ளச்சியும் முத்துவும். இரண்டும் வெள்ளை, ஒரே உயரம். சேணம் பூட்டிவிட்டால் எது எது என்று முதலாளிக்கே தெரியாது. வெள்ளச்சி என்றைக்கும் இடப்பக்கம்தான் நிற்கும். அதன் வலது கண் உள்பக்கம் முத்துவைப் பார்த்தபடி இருக்கும். அந்தக் கண் போய்விட்டாலும் அங்கே நிற்கும்வரை ஒருவரும் கண்டுபிடிக்க முடியாது. கல்யாணத்துக்கு முந்தைய மூன்று வாரமும் அப்படித்தான் ஓடியது.

கல்யாணத்தன்று காலையில் வெள்ளச்சியை வலப்பக்கம் பூட்டினேன்.

கோயிலில் தாலி கட்டியதும் பெண்ணும் மாப்பிள்ளையும் சாரட்டுக்கு வந்தார்கள். கஸ்தூரி சின்னப் பிள்ளையில் என் பக்கத்தில் உட்கார்ந்து வாரைப் பிடித்தவள். அத்தனை கூட்டத்தில் அவள் ஒருத்திதான் கவனித்தாள்.

"இன்னாண்ணே, வெள்ளச்சி அந்தப் பக்கம் இல்ல நிக்கும்?"

"கல்யாணத்துக்குன்னு மாத்திக் கட்டினேம்மா. அழகா கீது பாரு. ஏறு."

சிரித்தாள். வெள்ளச்சியின் கழுத்தைத் தொட்டாள். கை வருவது தெரியாமல் அது திடுக்கிட்டுத் தலையை உதறியது. "இன்னாடி, என்னையே தெரியலியா உனக்கு?" என்று கேட்டுவிட்டு ஏறி உட்கார்ந்தாள்.

செலியமேட்டுச் சாலையில் இடப்பக்கம் வாய்க்கால். தை மாதம், தண்ணீர் நிரம்பப் போகும். சரவெடியை எப்போதும் வாய்க்காலுக்கு எதிர்ப்புறம்தான் கொளுத்துவார்கள். வெள்ளச்சிக்குச் சத்தம் கேட்டது, வெடிக்கிற இடம் தெரியவில்லை. முத்துவை இடப்பக்கம் நெட்டித் தள்ளியது. மரியசுந்தரம் நான் நினைத்தபடியே எல்லா வாரையும் மார்போடு இழுத்தான். முன்ஜோடி எழும்ப, பின்ஜோடி அதன் மேல் மோத, சாரட்டு சரிந்து தலைகீழாக வாய்க்காலில் விழுந்தது. மாப்பிள்ளை கரையில் விழுந்து பிழைத்தார். மற்ற இரண்டு பேரும் அடியில். பின்னால் நடந்து வந்த நான் வாய்க்காலில் இறங்கி முதலில் குதிரைகளின் வாரை அறுத்து அவற்றைக் கரையேற்றினேன். அவை என்ன பாவம் செய்தன? அதற்குப் பிறகுதான் ஆட்கள் வண்டியைப் புரட்டினார்கள். நேரமாகிவிட்டது. என் மனைவி தம்பியின் உடலைக் கட்டிக்கொண்டு அழுதபோது நான்தான் அவளைத் தேற்றினேன்.

இதையெல்லாம் நீங்களாகக் கண்டுபிடித்திருக்க மாட்டீர்கள். நான் ஏன் வந்தேன் என்றால், ஊரில் ஒரு பேச்சு நடக்கிறது. கை நடுங்குகிற யாகப்பன் தெரியாமல் பக்கம் மாற்றிப் பூட்டிவிட்டான், பாவம், விடுங்கள் என்கிறார்கள். பெண்ணைப் பறிகொடுத்த முதலாளியும் அப்படித்தான் எழுதிக் கொடுத்திருக்கிறாராம். என்னால் அதைத் தாங்க முடியவில்லை.

மாட்டு டாக்டர் வெள்ளச்சியின் கண்ணுக்கு ஏதோ நோய் என்று எழுதியிருக்கிறார். அதையும் திருத்துங்கள். எருக்கம்பால். ஒரு கையால் இமையைப் பிரித்து, மறு கையால் நான்தான் விட்டேன். கடைசி வரை அது என்னை நம்பித்தான் நின்றது. ஒரு சொட்டு வெளியே சிந்தவில்லை ஐயா. நடுங்குகிற கையால் அது ஆகுமா, நீங்களே சொல்லுங்கள்.

கைநாட்டு வேண்டாம். எனக்குக் கையெழுத்துப் போடத் தெரியும். காகிதத்தை மட்டும் நீங்கள் கொஞ்சம் அழுத்திப் பிடித்துக்கொள்ளுங்கள்.