மூக்குச் சாட்சி

— எனக்கெதுக்கு வம்பு, ஆனாலும் கேட்டுடறேன். உங்கண்ணன் மாடெல்லாம் ஏன் உன் வாசல்ல நிக்குது?

— நான்தான் கொட்டகையிலேர்ந்து அவுத்துட்டு வந்தேங்க்கா.

— அண்ணன்கிட்ட ஒரு வருஷமா பேச்சே கிடையாது, மாட்டுகிட்ட மட்டும் என்னடி பாசம்?

— மாடு என் புருஷன் மேல பழி போடலையே.

— அது சரி... ஏன்டி, பீடி நாத்தம் குடலைப் புடுங்குது. உன் வீட்டுக்காரர் திரும்பி வந்துட்டாரா? சொல்லு, நான் ஒருத்தர்கிட்டயும் மூச்சு விடமாட்டேன்.

— நாத்தம் எங்கேர்ந்து வருதுன்னு மோந்து பாருங்க.

— கொட்டகைப் பக்கமிருந்துதான்... அடிப்பாவி! உள்ளயா ஒளிஞ்சிருக்கார்? போன வருஷம் கொட்டகை தீப்பிடிக்கறதுக்கு முன்னாடியும் இதே நாத்தம்தான். நான்தானே முதல்ல சொன்னேன்!

— மறப்பேனா? உங்க மூக்கை நம்பித்தான் அவரைத் துரத்தினாங்க. 'கொளுத்தி'ன்னு பேர் வச்சதும் நீங்கதான்.

— அது விளையாட்டுக்கு வச்சதுடி. ஒட்டிக்கிச்சு.

— நல்லா ஒட்டிக்கிச்சு. அந்தப் பேரோட போனா எந்த வாசல்லயும் வேலை கிடைக்கல. கன்னுக்குட்டி ரெண்டு வெந்த பாவமும் அவர் தலையில. இப்ப எந்த ஊர்ல இருக்கார்னே எனக்குத் தெரியாது. இந்தாங்க, இந்தக் கம்பி நுனியைத் தொடுங்க.

— ஆத்தாடி! அடுப்புல வச்சியா?

— அண்ணன் கொட்டகைக்குள்ள இருக்கற வைக்கோல்போர்ல ஆழமா சொருகி வச்சு, இப்பத்தான் உருவினேன். மழைக்குப் பயந்து இந்தத் தடவையும் ஈரத்தோட அடுக்கிட்டான். அது உள்ளுக்குள்ளயே புழுங்கிச் சூடேறுது. அந்த நாத்தம்தான் இது. பீடியும் இல்ல, என் புருஷனும் இல்ல.

— அப்ப... போன வருஷம்?

— அதே ஈரம். அதே மூக்கு.

— ஐயையோ, உங்கண்ணனைக் கூப்பிடுடி!

— எதுக்கு? புதுப் பலகையில கட்டின கொட்டகை, ஜோரா எரியும். நான் நாற்காலி போட்டு உக்காந்து பாக்கப்போறேன். உங்களுக்கும் ஒண்ணு போடட்டுமா?

— உன் நாற்காலியை நீயே வச்சுக்க! அதோ உங்கண்ணனே வர்றார். ஏங்க, ஓடியாங்க!

— ஏய் கழுதை! என் மாட்டுல கை வைக்க உனக்கு என்ன திமிரு?

— திட்டறதை அப்புறம் வச்சுக்கங்க! உங்க போர் உள்ளுக்குள்ள வேகுது, இந்தக் கம்பியைத் தொட்டுப் பாருங்க!

— என்னத்தை... ஆ! சரி சரி, பதறாதீங்க. போரைப் பிரிச்சுப் போட்டா ஆறிடும்.

— பிரிண்ணே. உள்ள காத்து புகுந்ததும் குபீர்னு பிடிக்கும். உன் மீசையும் சேர்ந்து போகும்.

— அப்ப என்னதான்டி பண்ணச் சொல்ற?

— தீயணைப்பு வண்டி வரணும். தண்ணி அடிக்க அவங்க தயாரா நின்னாத்தான் பிரிக்கலாம்.

— என் போன் வீட்டுல கிடக்கு. கையில வச்சிருக்கியே, கூப்பிட்டுத் தொலை!

— கூப்பிடலாம். போன வருஷம் யார் கொளுத்தினதுன்னு முதல்ல சொல்லு. சத்தமா சொல்லு. அக்கா காதுல விழுந்தா ஊருக்கே விழுந்த மாதிரி.

— இப்பவா பஞ்சாயத்து? கூரை இடுக்குல புகை வருதுடி!

— வரட்டும்.

— உன் கூடப் பொறந்தவன்டி நான்!

— அவர் எனக்குத் தாலி கட்டினவர்.

— ...வைக்கோல் ஈரம்னு எனக்குத் தெரியும். அன்னிக்கே தெரியும். மாப்பிள்ளை கொட்டகைப் பக்கமே வரல. என் அவசரத்துல கன்னுக்குட்டி வெந்துச்சுன்னு தெரிஞ்சா ஊர் காறித் துப்பும்னு அவர் தலையில கட்டிட்டேன். போதுமா?

— அக்கா, கேட்டுச்சா?

— ரெண்டு காதாலயும் கேட்டேன்டி! எனக்கெதுக்கு வம்பு, இன்னிக்கே வீடு வீடாப் போய்ச் சொல்லிடறேன். முதல்ல நீ போனை எடு!

— எடுடி! உன் காலைப் பிடிக்கறேன்!

— காலை விடுண்ணே, ஓரமா வா. மாட்டை அவுக்கறதுக்கு முன்னாடியே வண்டியைக் கூப்பிட்டுட்டேன். தெருமுனையில மணிச் சத்தம் கேக்குது பாரு.