மாலைக்காக வைத்த வளையம்

31.10.2014 காலை 9.40 மணிக்குத் தானாகக் காவல் நிலையத்தில் ஆஜராகி, உதவி ஆய்வாளர் முன்பாகச் சொல்ல, எழுத்தர் எழுதிக்கொண்டது.

என் பெயர் செங்குட்டுவன். வயது 47. தகப்பனார் பெயர் வெள்ளைச்சாமி, காலமாகிவிட்டார். மந்தாரக்குப்பம் கடைத்தெருவுக்குப் பின்னால் ஒரு மாடி அறையில் வாடகைக்குக் குடியிருக்கிறேன். திருமணம் ஆகவில்லை. தாயார் 2011இல் இறந்த பிறகு என்னுடன் வசிப்பவர் யாரும் இல்லை. அவசரத்துக்குத் தகவல் சொல்ல வேண்டியவர் பெயரைக் கேட்டீர்கள். அதைக் கடைசியில் சொல்கிறேன்.

நான் உலோகவியலில் டிப்ளமா படித்தவன். சுரங்க கன்வேயர்களின் உருளைகளைப் பழுதுபார்க்கும் ஒரு தனியார் பட்டறையில் பதினெட்டு வருடமாக காண்ட்ராக்ட்டில் வேலை செய்கிறேன். மற்றவர்கள் வைத்த வெல்டிங்கில் விரிசல் இருக்கிறதா என்று சோதிப்பது என் வேலை. இருந்தால் முகத்துக்கு நேரே சொல்லிவிடுவேன். அதனால் பட்டறையில் என்னோடு உட்கார்ந்து சாப்பிட ஆள் கிடையாது. அதைப் பற்றி எனக்கு வருத்தமில்லை என்று முதலில் எழுதச் சொன்னேன், பிறகு அந்த வரியை அடிக்கச் சொன்னேன். வருத்தம் உண்டு.

02.10.2014 வியாழக்கிழமை பட்டறையில் ஆயுத பூஜை. அன்று எல்லாரும் குடும்பத்தோடு வருவார்கள். அவரவர் மிஷினுக்கு அவரவர் வீட்டுக்காரம்மா பொட்டு வைப்பது எங்கள் பட்டறையின் வழக்கம். எனக்கு மிஷினும் இல்லை, பொட்டு வைக்க ஆளும் இல்லை என்பதால் வழக்கம்போல சுவரோரம் நின்றுகொண்டிருந்தேன். இந்த வழக்கில் கைதாகியிருக்கும் கலியமூர்த்தி எங்கள் ஐந்து டன் கிரேனின் ஆபரேட்டர். அவர் மனைவி செவ்வந்தி கிரேன் கொக்கிக்கு சாமந்தி மாலை போட்டார். கொக்கி வழவழப்பானது என்பதால் மாலை மூன்று தடவை கழன்று விழுந்தது. கழுத்தில் கட்டினாலும் நழுவியது. மாலை விழுவது நல்லதில்லை என்று பக்கத்தில் யாரோ சொல்ல, அந்த அம்மாளின் முகம் சுருங்கிவிட்டது. அதன் பிறகு அவர் என்னைத் திரும்பிப் பார்த்து, "அண்ணே, நிக்கவே மாட்டேங்குது, நழுவிக்கினே இருக்குது. ஏதாச்சும் பண்ணுங்களேன்" என்றார். அந்தப் பட்டறையில் என்னை அண்ணன் என்று கூப்பிட்டவர் அதற்கு முன்னால் ஒருவரும் இல்லை.

தூக்கும் கொக்கியில் வெல்டிங் வைக்கவே கூடாது. அப்படிப் பலகையில் எழுதிச் சுவரில் மாட்டியவனே நான்தான். வேறு எவனாவது அதைச் செய்திருந்தால் அவன் பரம்பரையையே இழுத்துத் திட்டியிருப்பேன். ஆனாலும் கொக்கியின் கழுத்தில் ஒரு சின்ன கம்பி வளையத்தைப் பற்றவைத்துக் கொடுக்கத் துணிந்தேன். அந்த மாதிரி இரும்பில் நெருப்பு வைப்பதென்றால், முன்னதாக கேஸ் டார்ச்சால் சூடேற்றி, ஓவனில் காயவைத்த வெல்டிங் ராடு எடுத்து வெல்டிங் வைத்து, பிறகு மெதுவாக ஆறவிட வேண்டும். டார்ச்சும் ஓவனும் சந்தனம் குங்குமத்தோடு பூஜையில் இருந்தன. பூஜையில் வைத்ததை மறுநாள் வரை தொடக்கூடாது, வைத்த பிறகு எடுத்தால் ஆள் அடிபடும் என்பது எங்கள் ஆட்களின் நம்பிக்கை. நானும் தொடவில்லை. பின்கட்டில் ஓரங்கட்டிக் கிடந்த பழைய வெல்டிங் செட்டை இழுத்துவந்து, மழை ஈரம் ஏறிய ராடு ஒன்றை எடுத்து, குளிர்ந்த கொக்கியின் மேல் வளையத்தை வைத்து இரண்டு பொட்டு வெல்டிங் வைத்தேன். ஒரு நிமிட வேலை. மாலை நின்றது. எல்லாரும் கை தட்டினார்கள்.

அதன் பிறகு செவ்வந்தி எனக்கு இலையில் பொரியும் கடலையும் வைத்துக் கொடுத்து, "தீவாளிக்கு நம்ம வூட்லதான் சாப்பாடு, வந்துடுங்கண்ணே" என்றார். வருகிறேன் என்றேன். புதுச்சட்டை ஒன்றும் எடுத்தேன். மறுநாள் முதல் வேலையாக வளையத்தை அறுத்துவிட்டுக் கொக்கியைச் சோதித்திருக்க வேண்டும். தினமும் அண்ணாந்து பார்ப்பேன். காய்ந்த மாலை தொங்கிக்கொண்டிருக்கும். எடுக்க மனம் வரவில்லை.

20.10.2014 திங்கட்கிழமை, தீபாவளிக்கு இரண்டு நாள் முன்பு, காலை 11.15 மணிக்கு கலியமூர்த்தி மூன்று டன் உருளை ஒன்றை, ஒன்றை மட்டும்தான், தூக்கினார். இடுப்பளவு உயரம் போனதும் கொக்கி கழுத்தில் பட்டென்று முறிந்து உருளை விழுந்தது. ஹெல்பர் மருதமுத்துவின் வலது கால் அதன் அடியில் சிக்கியது. அவர் கத்தவில்லை, "எஞ் செருப்பு எங்க" என்று மட்டும் கேட்டுக்கொண்டிருந்தார். ஆஸ்பத்திரியில் முழங்காலுக்குக் கீழே காலை எடுத்துவிட்டார்கள்.

எல்லாரும் அவரைத் தூக்கிக்கொண்டு ஓடிய பிறகு நான் முறிந்த கொக்கியைப் பார்த்தேன். வளையத்தின் அடியில் ஒரு ரூபாய் நாணயம் அகலத்துக்குத் துருவேறிய பழைய விரிசல், மீதி இடமெல்லாம் புதிதாக சர்க்கரை போல மின்னியது. என் வெல்டிங்தான் காரணம் என்று பார்த்த மாத்திரத்தில் எனக்குத் தெரிந்துவிட்டது. ஒன்பது கிலோ எடையுள்ள அதைத் துணிப்பையில் போட்டு, சைக்கிளில் மாட்டி அறைக்குக் கொண்டுபோய்க் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டேன். ஜெயிலுக்குப் பயந்து எடுக்கவில்லை. அந்த அம்மாளுக்குத் தெரிந்துவிடுமே என்றுதான் எடுத்தேன். அதன் பிறகு, கலியமூர்த்தி இரண்டு உருளையைச் சேர்த்துத் தூக்கி கொக்கியை ஒடித்துவிட்டார் என்று பட்டறை சார்பில் புகார் கொடுத்தார்கள். உடைந்த கொக்கி பழைய இரும்பு லாரியில் போயிருக்கும் என்றார்கள். நான் வாயைத் திறக்கவில்லை.

இனிச் சொல்வதைக் கேட்டு எழுத்தர், "இதெல்லாம் எதுக்கு சார்" என்று கேட்டார். கலியமூர்த்தியை வெளியே கொண்டுவரப்போவது இதுதான் என்பதால் எழுதச் சொன்னேன். இரும்புக்குள் அணுக்கள் வரிசை வரிசையாக நிற்கின்றன. சில இடங்களில் ஒரு வரிசை பாதியிலேயே நின்றுவிடும். அதைக் குறை என்றுதான் சொல்வோம், ஆனால் இரும்பு வளைந்துகொடுப்பது அந்தக் குறையால்தான். கல்யாண மண்டபத்தில் பெரிய ஜமக்காளத்தை நகர்த்த, ஓரத்தில் ஒரு மடிப்பை எழுப்பி அதையே தள்ளிக்கொண்டு போவார்கள் அல்லவா, அப்படி அந்தக் குறை நகர்ந்து நகர்ந்து இரும்பு வளையும். அதனால் நல்ல கொக்கியில் பாரம் கூடினால் முதலில் அதன் வாய் விரியும். எச்சரித்துவிட்டுத்தான் போகும். நான் நெருப்பு வைத்த இடமோ சிவந்த உடனே குளிர்ந்துவிட்டது. கார்பன் அணுக்கள் வெளியேற நேரமில்லாமல் இரும்பு அணுக்களுக்கு நடுவே மாட்டிக்கொண்டன. குறை நகர வழி அடைபட்டது. நகராவிட்டால் வளையாது, வளையாவிட்டால் உடையும். ராடின் ஈரத்திலிருந்து ஹைட்ரஜனும் உள்ளே புகுந்தது. அணுக்களிலேயே சிறியது அது. இரும்புக்குள் அலைந்து ஓர் இடுக்கில் போய்ச் சேர்ந்து, ஓரிரு நாள் கழித்து மயிரிழை விரிசலாக வெளிப்படும். அதன் பிறகு ஒவ்வொரு தூக்கலுக்கும் அந்த விரிசல் கொஞ்சம் கொஞ்சமாக நீண்டிருக்கிறது.

தீபாவளியன்று நான் எங்கும் போகவில்லை. புதுச்சட்டையைப் பிரிக்காமல் கட்டிலில் உட்கார்ந்திருந்தேன். தெருவெல்லாம் வெடிச் சத்தம். என் கதவைத் தட்ட ஒருவரும் இல்லை, காலுக்குக் கீழே அந்தக் கொக்கிதான் இருந்தது. நேற்று பகல் மூன்று மணிக்குக் கதவு தட்டப்பட்டது. செவ்வந்தி வந்திருந்தார். இருக்கும் ஒரே நாற்காலியில் துணி கிடந்ததால் கட்டிலில் உட்கார்ந்தார். தண்ணீர் கேட்டுக் குடித்தார். "அண்ணே, நீங்க இரும்பு படிச்சவரு. அவரு ஒத்த உருளைதான் தூக்குனேன்னு சத்தியம் பண்றாரு. தப்பு இல்லன்னு நீங்க ஒரு வார்த்தை சொன்னா ஜனங்க கேப்பாங்க" என்றார். அவர் கால், பையிலிருந்து ஒரு சாண் தூரத்தில் இருந்தது. போகும்போது, "தீவாளிக்குக் கூப்ட்டுட்டுச் சோறு போட முடியாமப் போயிடுச்சு, மனசுல வெச்சிக்காதீங்கண்ணே" என்றார். அவர் படியிறங்கிப் போன பிறகு கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

இன்று காலை கொக்கியை எடுத்துவந்து உங்கள் மேசையில் வைத்திருக்கிறேன். வளையத்தில் சாமந்தி நார் அப்படியே இருக்கிறது. கொக்கி வாயின் இருபக்கமும் இரண்டு புள்ளிகள் குத்தப்பட்டிருக்கும். புதிதாக மாட்டியபோது அவற்றுக்கு நடுவே நூறு மில்லிமீட்டர் என்று நானே பட்டறை ரிஜிஸ்டரில் எழுதியிருக்கிறேன். நீங்கள் என் கண்முன்னால் ஸ்கேல் வைத்து அளந்தீர்கள். நூறுதான் இருக்கிறது. பாரம் கூடி முறிந்திருந்தால் வாய் விரிந்திருக்கும். கலியமூர்த்தி பாரம் கூட்டவில்லை. வெல்டிங் வைத்தது, சோதிக்காமல் விட்டது, கொக்கியை மறைத்தது, பதினோரு நாள் வாய் மூடியிருந்தது எல்லாம் நான். மருதமுத்துவிடம் இதை நேரில் சொல்ல எனக்கு அனுமதி வேண்டும்.

அவசரத்துக்குத் தகவல் சொல்ல வேண்டியவர்: செவ்வந்தி, கணவர் பெயர் கலியமூர்த்தி. உறவுமுறை என்ற இடத்தை வெறுமையாக விட்டுவிடுங்கள். என்னைப் பிடித்து வைத்திருப்பதைச் சொல்ல வேண்டாம். கொக்கியின் வாய் விரியவில்லை, அவர் வீட்டுக்காரர் சொன்னது சத்தியம் என்று மட்டும் இன்றைக்கே ஆள் அனுப்பிச் சொல்லிவிடுங்கள்.

யாரும் சொல்லிக்கொடுக்காமல், யாருக்கும் பயப்படாமல் நானே சொன்னதை எழுத்தர் படித்துக் காட்டக் கேட்டேன். நான் சொன்னபடியே உள்ளது. ஒரு வரி அடித்திருப்பது என் விருப்பப்படி.

(ஒப்பம்) வெ. செங்குட்டுவன்