வாசற்படி தாண்டாத நான்கு கோடுகள்

தோட்ட நலன்புரிச் சங்கத்தின் தலைமை நாற்காலியை அழகுசெய்யும் அண்ணன் அழகையா அவர்களே! ஆறுதல் தேடும்போதெல்லாம் அருகிருக்கும் அருட்தந்தை அவர்களே! முன்வரிசையில் வீற்றிருக்கும் மூத்தோரே! கொழுந்துக் கூடையை இறக்கிய கையோடு இந்தக் கூடத்துக்கு வந்திருக்கும் என் தாய்மாரே, சகோதரிமாரே! ரத்தோட்டைக் கடைக்காரன் நோபர்ட்டின் வணக்கம்.

மாலை போட்டீர்கள், கழற்றி மேசையில் வைத்துவிட்டேன். கோபிக்க வேண்டாம், தலைவரே. அதைச் சுமக்க இந்தக் கழுத்துக்கு யோக்கியதை இல்லை. மலைக்கு போன் கொண்டுவந்த மகராசன் என்று வரவேற்புரையில் சொன்னீர்கள். கொண்டுவந்தேன், உண்மை. எப்படிக் கொண்டுவந்தேன் என்பதையும் கேளுங்கள்.

போன வருஷம் இந்த ஆறு லயங்களிலும், வரிசை வீடு ஒவ்வொன்றுக்கும், ஒரே கம்பனியின் சிம்மை விற்றவன் நான். எதைக் காட்டி விற்றேன்? வாசல் திண்ணையில், இஸ்தோப்பில் நின்று, போனோடு கையை நீட்டி, சிக்னல் நாலு கோடு காட்டி விற்றேன். பார்த்தீர்கள், நம்பினீர்கள், வாங்கினீர்கள். வெயில் காலத்தில் வெளியில் நின்றே பேசினீர்கள், குறை தெரியவில்லை. வாசலில் நாலு கோடு! வாசற்படி தாண்டினால் எத்தனை கோடு? கருங்கல் சுவருக்குள்ளே, தகரக் கூரைக்குக் கீழே, புகை படிந்த அந்தப் பத்தடிக் காம்பராவில் எத்தனை கோடு? எனக்குத் தெரியாது. ஏன் தெரியாது? ஒரு வீட்டுக்குள்ளும் நான் கால் வைக்கவில்லை.

ஆமாம் தங்கச்சி, கூப்பிட்டோமே என்கிறீர்கள். கூப்பிட்டீர்கள். சவரியம்மா அக்காவும் தேத்தண்ணி குடித்துவிட்டுப் போகச் சொன்னார். நேரமில்லை என்றேன். நேரமா இல்லை? எல்கடுவையில் இதே மாதிரி ஒரு லயத்தில் பிறந்தவன் நான். பதினாறு வயதில் இறங்கிப்போகும்போது, இனி லயத்துக்குள் நுழைவதில்லை என்று வைராக்கியம் வைத்தவன். பாதையோரத்தில் டோர்ச்சும் பற்றரியும் விற்றுக் கடை பிடித்தவன். வியாபாரத்துக்கு லயம் வேண்டும். வியாபாரிக்கு லயம் வேண்டாம்! இதுதானே என் இலட்சணம்?

அந்தச் சவரியம்மா அக்காவின் மகள் மதலேனாவுக்குக் கொழும்பில் துணிக்கடை வேலை. தை மாதத்து அடைமழை நாளொன்றில், காலையிலேயே அவள் தங்கியிருந்த போர்டிங்கில் பொலிஸ் சுற்றிவளைப்பு, யுத்த காலத்துச் சந்தேகம். பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். அங்கே ஓர் அதிகாரி இரக்கப்பட்டிருக்கிறார். வீட்டார் பேசி, கிராம சேவகர் கடிதத்தை ஐந்து மணிக்குள் ஃபக்ஸில் அனுப்பினால் விட்டுவிடலாம் என்றாராம். பிள்ளை வீட்டுக்குப் போன் எடுத்தாள். ஒருமுறையா? பதினொரு முறை!

தாய் எங்கே இருந்தார்? மலைக்குக் கொழுந்து பறிக்கப் போனாரா? மாத்தளைக்குப் போனாரா? ரேடியோவில் சுற்றிவளைப்பு என்று கேட்டதிலிருந்து, போனை மடியில் வைத்துக்கொண்டு காம்பராவுக்குள்ளேயே இருந்தார். நனைந்துவிடும் என்று வெளியே கொண்டுவரவில்லை. பீலியில் தண்ணீர் கொட்டும் சத்தத்தில் மணி கேட்காது என்று தண்ணீருக்கும் போகவில்லை. போயிருந்தால் அடித்திருக்கும், ஐயா! இஸ்தோப்புக்கு வந்திருந்தாலே அடித்திருக்கும்! ஐந்து மணி ஆனது. பிள்ளையைத் தடுப்புக்காவலில் போட்டார்கள். நாற்பத்திரண்டு நாள்.

போர்டிங் நடத்தும் நோனா தோட்டத்து ஒபீசுக்கு அறிவித்துத்தான் அக்காவுக்கு விஷயம் தெரிந்தது. மறுநாள் என் கடைக்கு வந்தார். ஏசுவார் என்று நின்றேன். ஏசியிருந்தால் பிழைத்திருப்பேன். போனை என் முன்னால் வைத்துச் சொன்னார்:

"போன் நல்லாத்தான் இருக்குதுங்க தம்பி, வெளிய வந்தா அடிக்குது. எங்க வீடுதான் சரியில்ல போல."

கூரை ஒழுகினால் நம் குற்றம். காய்ச்சல் வந்தால் நம் குற்றம். அடையாள அட்டை கேட்டு மறித்தாலும் நம் குற்றம். சிக்னல் வராததும் நம் குற்றமா? அப்படி ஒரு தாயை நினைக்க வைத்தவன் யார்? வெளியூரானா? லயத்தில் பிறந்த நான்!

அன்று பின்னேரமே மூன்று கம்பனி போன்களோடு அந்த வீட்டுக்குள் போனேன். முப்பது வருஷத்துக்குப் பிறகு ஒரு காம்பரா. கதவைச் சாத்தினேன். நான் விற்றதில் ஒரு கோடும் இல்லை. அடுத்தது வந்து வந்து போனது. மூன்றாவது, இலாபம் குறைவென்று நான் அலுமாரியின் அடித்தட்டில் போட்டு வைத்திருந்த சிம். அடுப்படியிலும் தெளிவாகப் பேசியது. ஐந்து நிமிஷ வேலை, தாய்மாரே! அந்த ஐந்து நிமிஷத்தை நான் மிச்சம் பிடித்தேன். ஒரு பிள்ளை நாற்பத்திரண்டு நாள் கொடுத்தாள்.

ஆகவே சொல்கிறேன். விளம்பரத்தை நம்பாதீர்கள். அடுத்த வீட்டில் எடுக்கிறது என்பதை நம்பாதீர்கள். என்னையும் நம்பாதீர்கள். சிம் விற்க எவன் வந்தாலும் உள்ளே கூப்பிடுங்கள். கதவைச் சாத்துங்கள், யன்னலைச் சாத்துங்கள். சமைக்கிற மூலையில் பேசிக் காட்டச் சொல்லுங்கள், படுக்கிற மூலையில் பேசிக் காட்டச் சொல்லுங்கள். வரமாட்டேன் என்பவனிடம் வாங்காதீர்கள். உங்கள் வீட்டுக்குள் வராதவன் விற்கிற சிக்னலும் உங்கள் வீட்டுக்குள் வராது!

கை தட்ட வேண்டாம்; இன்னும் முடியவில்லை. மதலேனா வந்துவிட்டாள். வீட்டுக்குள் எடுக்கும் சிம்மை நானே போட்டுக் கொடுத்தேன். இப்போது மணி அடிக்கிறது. அடித்தால் அந்தச் சத்தம் தாங்காமல் பிள்ளை எழுந்து மழையென்றும் பாராமல் வெளியே போய்விடுகிறாளாம். அதற்கு மாற்றிக் கொடுக்க என் கடையில் ஒன்றும் இல்லை.

சவரியம்மா அக்கா, மூன்றாம் வரிசையில் இருக்கிறீர்கள். எழுந்திருக்க வேண்டாம். இன்று சபையறியச் சொல்கிறேன். உங்கள் வீட்டில் ஒரு பிழையும் இல்லை, அக்கா. பிழை என்னில்.

குற்றத்தைச் சொல்ல மேடை தந்த தலைவருக்கும், எழுந்து போகாமல் கேட்ட உங்களுக்கும் நன்றி. நாளைக் காலை மூன்று கம்பனி போன்களோடு, முதலாம் லயத்தில் தொடங்கி வீடு வீடாக உள்ளே வருகிறேன். வணக்கம்.