கம்மியின் குரல்

டேனரி டிரம்முக்குள் தலையை விட்டுப் பேசினால் யாருடைய குரலும் கொஞ்சம் கம்பீரமாகத்தான் கேட்கும், மேடம். பதப்படுத்துவதற்காகத் தோலைப் போட்டுச் சுற்றுகிற மர டிரம் ஒரு சின்ன அறை அளவுக்கு இருக்கும். வேலைக்குச் சேர்ந்த புதிதில், அது காலியாகக் கிடக்கும் நேரம் பார்த்து உள்ளே குனிந்து பாடிப் பார்ப்பேன். அதுவரை சர்ச் கொயரில் என்னைக் கடைசி வரிசையில் நிறுத்தி, மெதுவாகப் பாடச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். எனக்கும் ஒரு குரல் இருக்கிறது என்று எனக்கே தெரிந்தது அந்த டிரம்மில்தான்.

நீங்கள் ஆம்பூருக்கு மாற்றலாகி வந்து அதிக நாள் ஆகவில்லை என்று ஏட்டய்யா சொன்னார். அதனால் முதலிலிருந்தே சொல்கிறேன். என் பெயர் ரிச்சர்ட். ஒரு டேனரியில் கழிவுநீரைச் சுத்தம் செய்யும் பகுதிக்கு சூப்பர்வைசர். என் மனைவி ஹெப்சி நர்ஸ். ஷாஜின் என் தோஸ்த். சின்ன வயதிலிருந்து ஒரே பெஞ்ச். ஷூ கம்பெனியில் உட்கார்ந்து கம்ப்யூட்டரில் டிசைன் போட்டுக்கொண்டிருந்தவன். எங்கள் மூன்று பேரைத் தெரிந்துகொண்டால் போதும், மீதியெல்லாம் தானாகப் புரிந்துவிடும்.

உங்கள் வீட்டில் பிள்ளைகள் இருந்தால் ‘நிலா டேனரி’யைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து ஜனங்கள் வீட்டுக்கு வந்து பிரியாணிப் பொட்டலத்தைப் பிரிக்கும் நேரத்துக்கு, சர்தார் பாஷா பாயின் கேபிளில் வந்துகொண்டிருந்த கார்ட்டூன். எழுதி, வரைந்து, அசைய வைத்ததெல்லாம் ஷாஜின். இருநூறு வருஷம் கழித்து நடக்கிற கதை. பாலாற்றங்கரையில் இடம் போதாமல் டேனரி நிலாவுக்குப் போய்விடுகிறது. நிலாவில் மாடு ஏது? அதனால் கேப்டன் ஜாஸ்தி வாரா வாரம் ராக்கெட் ஏறி, ஏதாவதொரு கிரகத்து மிருகத்தின் தோலை உரிக்கக் கிளம்புவார். அந்த மிருகம் அவரை முட்டாளாக்கித் திருப்பி அனுப்பிவிடும். அவர் கூடவே போகிற ரோபோவின் பெயர் கம்மி. அதற்கு எப்போதும் சார்ஜ் கம்மி. கேப்டனுக்குக் குரல் ஷாஜின், கம்மிக்கு நான்.

பெருமைக்காகச் சொல்லவில்லை, ஊரில் ஜனங்கள் விரும்பியது கம்மியைத்தான். வீட்டுப்பாடம் எங்கே என்று டீச்சர் கேட்டால் பிள்ளைகள் “சார்ஜ் கம்மி, கேப்டன்” என்று இழுத்துச் சொல்லுவார்களாம். மட்டன் கடையில் எனக்கு முன்னால் நிற்கிறவர்கள் ஒதுங்கி இடம் விடுவார்கள். கேப்டன் சத்தம் போடுவார், அவ்வளவுதான். சத்தம் யார் வேண்டுமானாலும் போடலாம்.

நாங்கள் வேலை செய்த முறையைச் சொல்லியாக வேண்டும். கார்ட்டூனில் குரல்தான் முதலில். படம் அதற்குப் பிறகு. ஷாஜின் தன் வீட்டுத் துணி பீரோவைத் திறந்து, உள்ளே மைக்கைத் தொங்கவிட்டு, என் தலைமேல் ஒரு கம்பளியைப் போர்த்திவிடுவான். நான் பேசுவேன். அந்தக் குரலுக்கு ஏற்றபடி அவன் பிறகு உட்கார்ந்து வாயசைவு வரைவான். நான் பேசிய வசனம் எந்தப் படத்தில் போய் உட்காரும் என்று திரையில் பார்க்கும்வரை எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டும் என்று தோன்றியதும் இல்லை, ஏனென்றால் அவன் ஷாஜின்.

ஹெப்சிக்கு ஏழாம் மாசத்தில் ஒரு குழந்தை தவறிப்போனது. பெண் குழந்தை. அதற்குப் பிறகு கொஞ்ச காலம், டியூட்டி முடிந்து வந்ததும் அவள் ஒரு டவலைச் சுருட்டி மடியில் வைத்துத் தட்டிக்கொடுப்பாள். பைத்தியம் இல்லை, மேடம். மறுநாள் வார்டுக்குப் போய் ஊசி மருந்தெல்லாம் ஒழுங்காகக் கொடுக்கிறவள்தான். அந்தக் கொஞ்ச நேரம் மட்டும் அவளுக்கு அது வேண்டியிருந்தது. நான் டீ போட்டு எடுத்து வந்து பக்கத்தில் நின்று, “தூங்கிடுச்சு, கீழ வை” என்பேன். வைப்பாள். டீயைக் குடிப்பாள். பிறகு ஒரு நாள் அது தானாகவே நின்றுபோயிற்று.

இதை நான் ஒரே ஒருவனிடம்தான் சொன்னேன். பாலாற்று மணலில் உட்கார்ந்து, ஷாஜினிடம். சொல்லும்போது அழுதேன். அவனும் என் தோளைப் பிடித்துக்கொண்டு அழுதான். அழுதுவிட்டு, வழியில் பரோட்டா சாப்பிட்டுவிட்டு வீட்டுக்குப் போனோம்.

இரண்டாயிரத்து ஐந்தில் சர்தார் பாஷா பாய், நிலா டேனரியைப் பெரிதாக எடுக்கலாம் என்றார். ஒன்றரை மணி நேரப் படம். முதலில் இங்கே கல்யாண மண்டபத்தில் திரை கட்டிப் போடுவது, பிறகு வாணியம்பாடி, வேலூர். ஷாஜின் லீவு போட்டுவிட்டு வரைந்தான். வழக்கம்போல எனக்கு என் வசனங்கள் மட்டும் வந்தன. ஒரு நாள் நான் பீரோவுக்குள் இருக்கும்போது வெளியிலிருந்து சொன்னான்: “இந்த எடத்துல நான் எதுவும் எழுதலடா. கம்மி ஒரு கொழந்தையக் கீழ வெக்கச் சொல்லணும். நீயா இருந்தா இன்னா சொல்லுவியோ, அதையே சொல்லு.”

ஏதோ ஒரு கிரகத்துக் குழந்தை என்று நினைத்தேன். வாயில் வந்ததைச் சொன்னேன். கம்பளிக்குள், கம்மியின் இழுவைக் குரலில். நன்றாக வந்திருக்கிறது என்று எனக்கே தெரிந்தது. இன்னொரு தடவை பேசட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்றான்.

படம் முடிந்ததும் முதலில் தெரிந்தவர்களுக்கு மட்டும் போட்டுக் காட்டினோம். அதற்கே மண்டபம் நிறைந்துவிட்டது. ஹெப்சி பட்டுப்புடவை கட்டி என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். பாதிப் படத்தில் கம்மிக்கு ஒரு பெண்டாட்டி ரோபோ வருகிறது. நர்ஸ் மாதிரி தலையில் வெள்ளைத் தொப்பி. அது ஒரு காலி எண்ணெய் டப்பாவை டவலில் சுற்றி மடியில் வைத்துத் தட்டிக்கொடுக்கிறது. டப்பாவின் மூடி கழன்று அறை முழுக்க உருண்டு ஓடுகிறது. கம்மி டீ டம்ளரோடு வந்து நின்று, என் குரலில், “தூங்கிடுச்சு, கீழ வை” என்கிறது. மண்டபமே விழுந்து விழுந்து சிரித்தது.

ஹெப்சி திரையைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள். “உங்க கொரல்தானே அது” என்று மட்டும் கேட்டாள். மறுநாள் ராணிப்பேட்டையில் அவள் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். எனக்கு வலித்தது, மேடம், அதை மறைக்கமாட்டேன். வேறு யாரிடமும் கொடுக்காத ஒன்றை அவனிடம் கொடுத்து வைத்திருந்தேன். அவன் அதை ஊரைக் கூட்டி வைத்துக் காட்டிவிட்டான். அதற்கு என் குரலையே பயன்படுத்திக்கொண்டும் விட்டான். சில நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஷாஜின் வீட்டுக்கு வந்தான். கண்ணெல்லாம் வீங்கியிருந்தது.

“சிரிக்க வெக்கணும்னு வரையலடா. அந்த எடத்துல ஜனங்க அழுவாங்கன்னு நெனச்சேன்.”

“என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.”

“கேட்டா நீ வேணான்னு சொல்லியிருப்ப.” கண்ணைத் துடைத்துக்கொண்டான். “வெட்டிட்றேன் ரிச்சி. அந்த சீனே இருக்காது. அண்ணிகிட்டயும் போய் சொல்லிட்டு வர்றேன்.”

வெட்டினால் அந்த இடத்தில் ஓட்டை விழும். அதற்குப் பதிலாக, கேப்டன் ஒரு பள்ளத்தில் விழுந்து கத்துவதாக வைத்துக்கொள்ளலாம் என்றான். பீரோவுக்குள் கத்தினால் பள்ளம் மாதிரி கேட்காது, நிஜமான எதிரொலி வேண்டும். எங்கள் டேனரியில் ஆழமான இடம் ஏதாவது இருக்கிறதா என்று அவன்தான் என்னைக் கேட்டான். அந்த யோசனை என்னுடையது இல்லை.

கிளம்பும்போது இன்னொன்றும் சொன்னான். சென்னையிலிருந்து ஒரு கம்பெனி படத்தை வாங்கிக்கொள்ளத் தயாராக இருக்கிறதாம். கேப்டன் குரல் அப்படியே இருக்கட்டும் என்கிறார்களாம். கம்மிக்கு மட்டும் அவர்களே டப்பிங்கில் பழகிய ஒரு ஆளைப் பேச வைத்துக்கொள்வார்களாம். “உனக்கு ஒண்ணும் பேஜார் இல்லியே?” என்றான். இல்லை என்றேன். அதெல்லாம் எனக்கு ஒரு பொருட்டே இல்லை, மேடம். ஹெப்சிக்கு நடந்ததை மட்டும்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். இதைச் சரியாக எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள்.

எங்கள் பகுதியில் தரைக்குக் கீழே ஒரு தொட்டி இருக்கிறது. டேனரித் தண்ணீரெல்லாம் முதலில் அங்கேதான் வந்து சேரும். விடுமுறையில் ஓட்டமில்லாமல் தேங்கினால் அடியில் விஷவாயு கட்டும். மேலே நின்றால் அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். கீழே, வாயு அதிகமான இடத்தில், மூக்கு மரத்துப்போய் நாற்றமே தெரியாது. இந்தப் பக்கத்து டேனரிகளில் இப்படிச் செத்தவர்கள் உண்டு. அதனால் புதிதாக வருகிற ஆட்களை உட்கார வைத்துப் பாடம் எடுப்பது என் வேலை. ப்ளோயரை ஓடவிட்டுக் காற்றை மாற்ற வேண்டும், மீட்டர் வைத்துப் பார்க்க வேண்டும், இடுப்பில் கயிறு கட்டாமல் ஒருத்தரும் இறங்கக் கூடாது. நான் சொன்னால் மனதில் நிற்கிறது என்று மேனேஜரே சொல்லியிருக்கிறார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் ஷாஜினைக் கூட்டிப் போனேன். வாட்ச்மேன் ஆரோக்கியசாமி அண்ணனைப் பஸ் ஸ்டாண்டுக்கு டீ வாங்க அனுப்பினேன். அவர் நல்ல மனுஷன். யாராவது விழுந்தால் யோசிக்காமல் பின்னாலேயே இறங்கிவிடுவார். அவருக்குக் கல்யாணத்துக்கு நிற்கிற பெண்கள் இருக்கிறார்கள். அதையும் நான் யோசித்தேன் என்பதை நீங்கள் கவனிக்க வேண்டும்.

ரெக்கார்டரை விளிம்பில் வைத்துவிட்டு, நீள வயரில் மைக்கை அவன் சட்டையில் மாட்டினேன். அவன் ப்ளோயரைக் காட்டி, “அது இன்னாத்துக்கு? போட வேணாமா?” என்றான்.

“போட்டா சத்தம் வரும். ரெக்கார்டிங் வீணாப் பூடும்.”

“நாத்தம் தாங்கலடா.”

“கீழ போனா தெரியாது.”

பாருங்கள், அன்றைக்கு நான் அவனிடம் ஒரு பொய்கூடச் சொல்லவில்லை. அவன் ஏணியில் இறங்கினான். பாதியில் நின்று கேப்டன் குரலில் ஒரு தடவை கத்தினான். எதிரொலி அருமையாக வந்தது. அண்ணாந்து என்னைப் பார்த்துச் சிரித்தான். “இன்னும் கொஞ்சம் கீழ” என்றேன். இறங்கினான். அதற்குப் பிறகு ஏணியில் அவன் கை இல்லை. கயிறு இருக்கும் அறைக்கு நான் நடந்துதான் போனேன். ஆரோக்கியசாமி அண்ணன் டீயோடு திரும்பி வந்தபோது, தொட்டி விளிம்பில் நின்று ஷாஜின் பெயரைச் சொல்லிக் கத்திக்கொண்டிருந்தேன்.

விபத்து என்றுதான் எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள். அடக்க ஆராதனையில் வேதம் வாசித்தது நான். ஷாஜினின் அம்மா அவனுடைய கம்ப்யூட்டரை என்னிடம் ஒப்படைத்து, “அவன் ஆசப்பட்டது, நீயே முடிச்சுடுப்பா” என்றார்கள். வெட்டவும் ஒட்டவும் அவனைப் பார்த்தே பழகியிருந்தேன். கேப்டன் வசனம் முழுவதையும் வாயசைவுக்கு ஏற்றபடி நானே புதிதாகப் பேசினேன். இரண்டு குரலும் ஒரே ஆளிடமிருந்து வந்தால் படத்துக்கு ஒரு ஒழுங்கு கிடைக்கும் என்று தோன்றியது. சென்னைக்காரர்கள் போன் செய்தபோது, விற்பதற்கில்லை என்று சொல்லிவிட்டேன்.

பள்ளத்தில் விழுந்து கத்துகிற இடம் மட்டும் ஷாஜினுடைய குரல். அன்றைய ரெக்கார்டிங் அவ்வளவு சுத்தமாக வந்திருந்தது, விட மனசில்லை. எனக்கு வரைய வராது. அதனால் திரையை இருட்டாக்கி அந்தச் சத்தத்தை மட்டும் ஓடவிட்டேன். கடைசியில் அவன் என் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறான். அதை மட்டும் வெட்டி எடுத்துவிட்டேன்.

நேற்று அதே மண்டபத்தில் படம் போட்டோம். ஷாஜினுக்காகவாவது வா என்று கெஞ்சி, ஹெப்சியை ராணிப்பேட்டையிலிருந்து கூட்டி வந்தேன். பெண்டாட்டி ரோபோ டப்பாவை மடியில் எடுத்து வைத்ததும் மண்டபம் சிரிக்கத் தொடங்கியது. நான் திரும்பியபோது ஹெப்சி என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கம்மியோடு சேர்ந்து நானும் முணுமுணுத்துக்கொண்டிருந்தேன் போலிருக்கிறது. எழுந்து வெளியே போனாள். நானும் பின்னாலேயே போனேன்.

“ஷாஜின் எங்க அம்மா வீட்டுக்கு வந்து என் கால்ல விழுந்தான்” என்றாள். “வெட்டிட்றேன் அண்ணின்னு அழுதான். அவன் செத்துட்டான். நீங்க ஏன் வெட்டல?”

எனக்கு அது அநியாயமாகப் பட்டது. இவ்வளவு செய்தவனைப் பார்த்துக் கேட்கிற கேள்வியா அது? “உனக்காகத்தானே ஹெப்சி அத்தனையும் செஞ்சேன்” என்றேன்.

“இன்னா செஞ்சீங்க?”

அவள் நர்ஸ், முகத்தைப் பார்த்தே தெரிந்துகொள்வாள். செருப்பைக்கூடத் தேடாமல் நேராக உங்களிடம் வந்து நின்றிருக்கிறாள். யாருக்காகச் செய்தேனோ, அவளே. அதுவும் துரோகம்தான், ஆனால் அவள்மேல் எனக்குக் கோபம் இல்லை.

ஆமாம், நான்தான் ஷாஜினை இறக்கினேன். வாயு இருப்பது தெரிந்துதான் இறக்கினேன். எங்கே கையெழுத்துப் போட வேண்டுமோ சொல்லுங்கள், போடுகிறேன். ஆனால் நீங்களும் ஹெப்சி கேட்டதையே கேட்கிறீர்கள்: படம் மொத்தமும் உன் கைக்கு வந்ததே, அந்த சீனை ஏன் எடுக்கவில்லை என்று. எடுக்கத்தான் உட்கார்ந்தேன், மேடம். ஒரு தடவை போட்டுப் பார்த்தேன். பிறகு திரும்பவும் போட்டுப் பார்த்தேன். முழுப் படத்திலும் ஜனங்கள் அவ்வளவு சிரிப்பது அந்த ஒரு இடத்தில்தான், அதுவும் என் குரலுக்கு. அதை எப்படி வெட்ட மனசு வரும்?