செம்பில் ஏறாத களிம்பு

பெரம்பலூர் பஸ் அரியலூரை விட்டுக் கிளம்பியதும், முன் சீட்டிலிருந்த பெண் தன் கணவரிடம், "மூணு வருசமா ஆராய்ச்சியில செம்பப் பத்தித் தப்பா எழுதிட்டு இருந்திருக்கேங்க" என்றாள். அதன்பிறகு நான் பேப்பர் படிக்கவில்லை.

"எனக்குப் புரியிற மாதிரி சொல்லு" என்றார் அவர். சட்டைப் பையில் சிமெண்ட் ஆலை அட்டை தொங்கியது.

"உங்க சூளைப் புகையில போற கார்பன் டை ஆக்சைட தண்ணியில விட்டு, செம்புத் தகட்டுல கரண்ட் குடுத்தா, எரியிற வாயுவா மாறும். நான் தகட்ட வெளிய எடுத்துக் கழுவிக் காயவெச்சுதான் பாப்பேன். மேல களிம்பு இருக்கும். களிம்புதான் வேலை செய்யுதுன்னு எழுதிட்டேன்."

"சரி."

"போன வாரம் கரண்ட் ஓடுறப்பவே கண்ணாடி வழியாப் பாத்தேன். களிம்பே இல்ல. வெளிய எடுத்ததும் காத்து பட்டுதான் ஏறியிருக்கு."

"சூளைய நாங்க எரியிறப்பதான் நீலக்கண்ணாடி வெச்சுப் பாப்போம். நிறுத்திட்டா என்ன தெரியும்?"

"எனக்குத் தோணலியே. இன்னிக்கு கைடு சார்கிட்ட சொல்லணும். முதல்லேர்ந்து செய்யச் சொல்லுவாரு."

"சொல்லிடு."

அவர் ஜன்னல் கம்பியில் தலை சாய்த்துக் கண்ணை மூடினார்.

"பஸ்ஸுலயும் தூக்கம், வூட்லயும் தூக்கம். எப்பப் பாத்தாலும் தூங்குற மனுசன்னு எங்கம்மாகிட்டகூட சொல்லிருக்கேன்."

அவர் கண்ணைத் திறக்காமலே சொன்னார்: "என்னையும் ஷிப்டு முடிஞ்சப்புறம்தானே பாத்துருக்க."