பழைய டிஸ்க்கில் கொஞ்சம் இடம் இருந்தது

உங்கள் சமையலறையில் உப்பு ஜாடியை எங்கே வைப்பீர்கள், வக்கீலம்மா? அடுப்புக்குப் பக்கத்தில்தானே. கிறிஸ்துமஸுக்கு மட்டும் எடுக்கிற பெரிய அண்டா பரணுக்குப் போகும். என் உத்தியோகமும் அவ்வளவுதான். சாந்தோ டொமிங்கோவில் இந்த மருத்துவமனையின் விவரமெல்லாம் அட்டவணை அட்டவணையாக என் அறைக் கணினிகளில் இருக்கிறது. எது வேகமான டிஸ்க்கில் உட்கார வேண்டும், எது பழைய டிஸ்க்குக்குப் போகவேண்டும் என்று தீர்மானிப்பவன் நான். டாக்டர்களுக்கு இதெல்லாம் தெரியாது. கேட்டால் பதில் வரவேண்டும் அவர்களுக்கு.

ஒஸ்வால்தோ பெகெரோ நல்ல மனிதன். அதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள். எங்கள் பிரிவுக்குத் தலைவனாக வந்தவன். மத்தியானம் சோறும் பீன்ஸும் முடிந்ததும் மாமரத்தடியில் டொமினோ ஆடுவோம். சின்ன வயதில் ஒரு பென்சிலின் ஊசியில் செத்துப் பிழைத்த கதையை, கட்டையை மேசையில் ஓங்கி அடித்தபடி வாரம் தவறாமல் சொல்வான். எங்களுக்கு அது மனப்பாடம்.

போன மாதம் அதே மேசையில்தான் சொன்னான்: “எலிஹியோ, எல்லாத்தையும் வெளியூர்க் கம்பெனி மெஷினுக்கு மாத்தப்போறோம். உன் டிஸ்க்கையெல்லாம் கடல்ல போடுப்பா, மீனாவது குடியிருக்கட்டும்.”

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். உள்ளுக்குள் எரிந்ததை உங்களிடம் மறைக்கவில்லை. தலை கறுப்பாக இருந்த காலத்திலிருந்து அந்த அறைதான் எனக்கு வீடு.

செவ்வாய்க்கிழமை காலையில் அவனுக்குக் குடல்வால் வெடித்துவிட்டது. காய்ச்சலில் என்னென்னவோ உளறினான். கைத்தாங்கலாக அவசரப் பிரிவுக்குக் கொண்டுபோனவன் நான்தான்; அதையும் எழுதுங்கள். பிறகு என் அறைக்குப் போனேன். வேகமான டிஸ்க் நிரம்பிக்கொண்டிருந்தது. எதையாவது இறக்கியே ஆகவேண்டும். நோயாளிகளின் ஒவ்வாமை அட்டவணையைப் பழைய டிஸ்க்குக்கு நகர்த்தினேன். நகர்ந்து முடியும்வரை அதை யாராலும் திறக்க முடியாது. லாரியில் ஏற்றிய பீரோவைத் திறக்க முடியுமா, சொல்லுங்கள். அதனால்தான் இந்த வேலையை ஞாயிற்றுக்கிழமைகளில் வைத்துக்கொள்வோம்.

நர்ஸ் நியுர்கா போன் செய்தாள். “எலிஹியோ அண்ணே, ஒவ்வாமைப் பக்கம் திறக்கவே மாட்டேங்குது. டாக்டர் பென்சிலினைக் கையில வச்சுக்கிட்டு நிக்கிறாரு.”

“டிஸ்க் மாத்திக்கிட்டிருக்கேன் தாயி. கொஞ்சம் பொறு.”

“பொறுக்க நேரமில்லையே. உங்க சிநேகிதர்தானே, ஏதாச்சும் ஒத்துக்காதுன்னு சொல்லியிருக்காரா?”

“எனக்கென்ன தெரியும்? இருந்தா ஸ்கிரீன்ல வரும்.”

எங்கள் வார்டுகளில் ஒரு பழக்கம் உண்டு. பக்கம் திறக்காவிட்டால் ‘ஒன்றுமில்லை’ என்று குறித்துவிட்டு ஊசியைப் போட்டுவிடுவார்கள். கணினி மந்தமான நாட்களில் அப்படித்தான் வண்டி ஓடும். இது ஆபத்து என்று மேலிடத்துக்கு எழுதியவனே நான்தான். யார் கேட்டார்கள்?

அவன் சவப்பெட்டிக்குத் தோள் கொடுத்தேன். அழுகையும் வந்தது, பொய்யில்லை. திரும்பி வந்து அட்டவணையை வேகமான டிஸ்க்கிலேயே மறுபடி வைத்தேன். ஒரு வரியைக்கூட நான் அழிக்கவில்லை, வக்கீலம்மா, மடியில் கனமில்லை. வேண்டுமானால் இப்போதே திறந்து பாருங்கள். கண்மூடித் திறப்பதற்குள் வரும்: ஒஸ்வால்தோ பெகெரோ, பென்சிலின் கூடாது.

என் டிஸ்க் எவ்வளவு வேகம் என்று அவன் பார்த்திருக்க வேண்டும்.